பத்தாவது ஆள்

கிழக்கே கடலும் மேற்கே உப்பங்கழியுமாக, நடுவில் ஒரு மணல் திட்டின் மேல் உப்புக் குவியல்களோடு கிடந்த உவர்த்துறை என்கிற ஊரில், பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் இடையே யூதத்தெரு என்று ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் எந்த வருஷம் எண்ணினாலும் பத்து ஆண்கள் இருந்தார்கள்.

பத்து ஆண்கள் கூடினால்தான் அது சபை, பத்துப் பேர் நின்றால்தான் வேதச்சுருளை வெளியே எடுக்கலாம், செத்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபத்தைச் சொல்லலாம், ஒன்பது பேர் என்றால் எத்தனை பக்தி இருந்தாலும் அவர்கள் ஒன்பது தனி ஆட்கள்தான் என்பது அவர்கள் சட்டம். ஒரு காலத்தில் அந்தத் தெருவில் கூட்டம் நெரிந்தது. பிறகு முன்னோரின் தேசம் திறந்துவிட்டது என்று செய்தி வந்தது, கப்பல்கள் வந்தன, பெட்டியும் பாயுமாகக் குடும்பம் குடும்பமாக ஏறிப் போனார்கள். உப்பளத்தை விட முடியாதவர்கள், கல்லறைகளை விட்டுவர மனமில்லாதவர்கள், கடலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறவர்கள் என்று மிஞ்சியவர்களை எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்து. அதற்குப் பிறகு ஒரு கிழவர் கண்ணை மூடினால் ஒரு பையனுக்குப் பதின்மூன்று வயது நிரம்பி அந்த இடத்தில் வந்து நின்றான். குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

அந்தப் பத்தில் எப்போதும் கடைசியாக வருகிறவன் நாகூம். தெருமுனையில் சோடாக்கடை வைத்திருந்தான், கோலிக்குண்டு போட்ட பாட்டில்களில் காற்றடைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஜெபஆலயத்துப் படியேறுவான். அவன் தலை தெரிந்ததும் உள்ளே இருந்து யாராவது, "பத்து வந்தாச்சு, ஆரம்பிங்க" என்பார்கள். நாளாவட்டத்தில் அதுவே பெயராகிவிட்டது. "ஏ பத்து, ஒரு பன்னீர் சோடா குடு" என்று கடையில் வந்து கேட்பார்கள். அதை அவன் பிரியம் என்றே எடுத்துக்கொண்டான். ஐம்பதை எட்டிய தனி ஆளுக்குச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடவும் நாலு பேர் வேண்டுமல்லவா.

அவன் தனி ஆளாக நின்றதற்கு ஒரு கதை உண்டு. இளவயதில் அவனுக்கு எமீமாளைப் பேசி வைத்திருந்தார்கள். எமீமாளின் அப்பா கப்பலுக்குப் பெயர் கொடுத்த மாதத்தில்தான் நாகூமின் அம்மா இறந்தாள். அம்மாவுக்காகப் பதினொரு மாதம் பத்துப் பேரோடு நின்று ஜெபம் சொல்ல வேண்டும், அந்தக் கடன் தீர்ந்ததும் அடுத்த கப்பலில் வருகிறேன் என்று எமீமாளிடம் சொன்னான். "வராம இருந்தா நீந்தி வந்து இழுத்துட்டுப் போவேன்" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். துக்கம் முடியச் சில வாரங்கள் இருந்தபோது, ஜெபஆலயத்தின் தர்மகர்த்தாவும் பாதி உப்பளங்களுக்குச் சொந்தக்காரருமான மனாசே முதலாளி கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு சமையல்காரன் சொன்னான் தம்பி, எமீமாளுக்கு அங்கே கல்யாணம் முடிந்துவிட்டதாம், என்றார். நாகூம் சரி என்றான். புருஷனை இழந்து வீட்டோடு வந்துவிட்ட அக்கா சிப்போராள் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு, காற்றடைத்துக்கொண்டு, பத்தாவது ஆளாகப் போய் நின்றுகொண்டு இருந்தான்.

அந்த வருஷம், அவர்களுடைய புதுவருஷம் பிறந்த அன்று, கழிக்கரையில் எல்லாரும் போய் நின்று சட்டைப்பையை உதறிப் பாவங்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்த மறுநாள், கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சோடா கேட்டாள். அவள் பேசிய தமிழைக் கேட்டு நாகூம் நிமிர்ந்தான். அது அந்தத் தெருவில் கப்பல் வந்த காலத்தில் பேசிய தமிழ், ஒரு சொல்லும் மாறாமல் அப்படியே இருந்தது.

"நீங்கதான் நாகூமா? எமீமாள் அத்தையோட நாகூமா?" என்று அவள் கேட்டாள். எமீமாளின் தம்பி மகள் அவள். அத்தை மடியில் வளர்ந்தவள். "உங்க பையன் சாமுவேல் எங்கே? பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்தச் சாமுவேல்?"

"உங்க மகன்தான். உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டு, ஒரு ஆம்பளப் பிள்ளை இருக்கு, பேரு சாமுவேல்னு இங்கேயிருந்து சொல்லி விட்டாங்களே. அத்தை அதுக்கப்புறம் யாரையும் கட்டலை. போன மழைக்காலத்துல இறந்துட்டா. சாகுறவரைக்கும் உங்க பிள்ளைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்னு கணக்குப் பார்த்துட்டே இருப்பா."

நாகூம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அந்தப் பெண்ணுக்கு மெதுவாகப் புரிந்தது. சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு அழுதாள், மாலைப் பஸ்ஸில் போய்விட்டாள்.

அவன் அதை அக்காவிடம் மட்டும் சொன்னான். சிப்போராள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், துருவுவதை நிறுத்தவில்லை. "செத்துப் போனவளைப் பத்தி இப்ப எதுக்குடா பேசிக்கிட்டு. ஆறிப் போகுது, சாப்பிடு."

புதுவருஷத்துக்கும் பாவநிவர்த்தி நாளுக்கும் நடுவில் கிடைக்கிற நாட்கள் எதற்கு என்று அந்தத் தெருவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கடவுளுக்கு எதிராகச் செய்ததைக் கடவுள் அந்த ஒரு நாளில் மன்னித்துவிடுவார். மனுஷனுக்கு எதிராக மனுஷன் செய்ததை அவர் தொடமாட்டார், அதற்கு அந்த மனுஷன் வாசலுக்குத்தான் போயாக வேண்டும். நாகூம் காத்திருந்தான். அந்தப் பெண் வந்து போனது ஊருக்கே தெரியும், முதலாளிக்கும் தெரியும், இன்றைக்கு வந்து சொல்வார், நாளைக்கு வந்து சொல்வார் என்று கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை.

விரதத்துக்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் வெள்ளை உடுத்திக்கொண்டு வழக்கம்போல வீடு வீடாகப் போனார்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ நான் செஞ்சதை மன்னிக்கணும்" என்று ஒருவர் சொல்ல வேண்டும், "மன்னித்தேன், மன்னித்தேன், மன்னித்தேன்" என்று மற்றவர் மூன்று முறை சொல்ல வேண்டும். தெருவெங்கும் கல்யாண வீடு மாதிரிச் சிரிப்பும் கைகுலுக்கலுமாக இருக்கும். நாகூமும் மன்னித்தேன் என்று மூன்று முறை சொன்னான். சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருந்த சாலுக்குச் சொன்னான், எல்லோரிலும் மூத்த பாரேஸ் கிழவருக்குச் சொன்னான், அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்ற அக்காவுக்கும் சொன்னான். கடைசியாக மனாசே முதலாளி படியேறி வந்து, "தெரிஞ்சோ தெரியாமலோ" என்று தொடங்கினார்.

"எதை, முதலாளி?" என்றான் நாகூம்.

"என்னது?"

"எதை மன்னிக்கணும்?"

மனாசே சிரித்தார். "வருஷாவருஷம் கேக்குறதுதானேப்பா. தெரிஞ்சும் இருக்கும், தெரியாமலும் இருக்கும்."

"தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியாததை நான் சும்மாவே விட்டுடுறேன்."

முதலாளி முகம் சிவந்து இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் சாலைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார், அதே வார்த்தைகளைச் சொன்னார், நாகூம் அதே கேள்வியைக் கேட்டான். விளக்கேற்றும் நேரத்தில் இன்னொரு முறை வந்தார். மூன்று தரம் கேட்டும் மன்னிக்காவிட்டால் பாவம் மறுத்தவன் கழுத்தில் ஏறும் என்பது பெரியவர்கள் சொல்லி வைத்த விதி. "மூணு ஆச்சு. சால், நீ பார்த்துக்கோ, மூணு ஆச்சு" என்று சொல்லிவிட்டு, பாரம் இறக்கி வைத்தவர்போல முதலாளி ஜெபஆலயத்துக்கு நடந்தார்.

மறுநாள் முழுக்க உண்ணாமல், தண்ணீர் தொடாமல், செருப்பில்லாமல் நின்று ஜெபித்தார்கள். நாகூமும் போய் நின்றான், ஜெபம் மனாசேயின் உப்பளம் இல்லையே. பொழுது சாயும் நேரத்துக்கு என்று ஒரு ஜெபம் இருக்கிறது, வானத்து வாசல் அடைபடப் போகிறது, அடைபடுமுன் எங்களை உள்ளே விடும் என்று மன்றாடுகிற ஜெபம். அதைத் தொடங்கியபோது மேற்கு ஜன்னலில் சூரியன் கழிக்கு மேலே ஒரு தென்னை உயரத்தில் இருந்தது. முடித்தபோதும் ஒரு தென்னை உயரத்திலேயே இருந்தது. வேகமாகச் சொல்லிவிட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார்கள். மூன்றாம் முறை பாட்டாகவே இழுத்துப் பாடினார்கள். தொண்டை வற்றி, கால் கடுத்து, பாரேஸ் கிழவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது இறங்காது. உக்காருங்கடா" என்றார்.

சூரியன் உவர்த்துறையில் மட்டும்தான் நின்றது. பக்கத்து ஊரில் இரவு வந்தது, விடிந்தது, மறுபடி இரவு வந்தது. அங்கிருந்து வரும் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு இருட்டில் வந்து, உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாயங்கால வெயிலுக்குள் நுழைந்து விளக்கை அணைத்தது. டிரைவர்கள் பழகிவிட்டார்கள். தூக்கம் வராதவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிட்டு வந்தார்கள். கோழிகள் கூடடையத் தெரியாமல் தெருவில் நின்றன. மல்லிகை மொட்டு மலரவே இல்லை, மொட்டாகவே கோத்து வைத்துக்கொள்ளப் பெண்கள் பழகினார்கள். டூரிங் டாக்கீஸ்காரர் இருட்டு இல்லாமல் படம் ஓட்ட முடியாமல் கூடாரத்துக்கு மேல் சாக்கு சாக்காகப் போட்டு மூடிப் பார்த்தார், உள்ளே வெந்து ஜனம் ஓடி வந்துவிட்டது. நிழல்கள் விழுந்த இடத்திலேயே கிடந்ததால், இன்ன சுவரின் நிழல் இன்ன வீட்டுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள், மாதா கோயில் கோபுரத்தின் நீண்ட நிழலில் மட்டும் எல்லாருக்கும் உரிமை என்று பங்குச்சாமியார் அறிவித்தார். அந்த வெயிலில் பிறந்த பிள்ளைகளுக்கு எந்த நாளைப் போட்டு ஜாதகம் கணிப்பது என்று ஜோசியர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

யூதத்தெருவில் விரதம் தொடர்ந்தது. மூன்று நட்சத்திரம் கண்ணில் படாமல் வாயில் ஒன்றும் போடக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடலாம், ஆனால் ஆபத்தும் வரவில்லை, ஏனென்றால் சூரியன் நின்ற இடத்திலேயே பசியும் நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவனின் அந்தக் கடைசி நேரத்துப் பசி, அடுத்த வீட்டு ரசம் கொதிக்கிற வாசனை தெருக்கோடியிலிருந்து தெரிகிற பசி, அதே அளவில் வயிற்றில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"யோசுவா காலத்துல இப்படி ஒருக்க நின்னுச்சுன்னு வேதத்துல இருக்கு" என்றான் சால்.

"அது சண்டைக்காக நிறுத்தினது வே" என்றார் பாரேஸ் கிழவர்.

"இது மட்டும் என்ன, சமாதானத்துக்கா நிக்குது? அங்க பாரும், பத்தோட மூஞ்சியை."

எல்லாரும் நாகூமைப் பார்த்தார்கள். அவன்தான் மூன்று முறை கேட்டும் மன்னிக்காதவன். அந்தச் செய்தி தெருவைத் தாண்டி ஊருக்குள் போக அதிக நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசலில் ஆள் ஓயவில்லை. உப்புக் கொத்துகிற பெண்கள் வந்து, கண்ணு பொசுங்குது சாமி, ஒரு வார்த்தை சொல்லிடேன், என்றார்கள். மீன்காரர்கள் இருட்டு இல்லாமல் வலை போட முடியவில்லை என்றார்கள். வெயிலில் நாக்கு வறண்டவர்கள், விரதம் முடியாமல் நீ கடை திறக்கமாட்டாய், சாவியையாவது கொடு, நாங்களே எடுத்துக்கொள்கிறோம், என்றார்கள். தெருக்காரர்கள் கோபமாகவே பேசினார்கள். "செஞ்சவரு வந்து மூணு தரம் கேட்டுட்டாரு. இனிமே பாவம் உன்னோடதுதான். ஊரே உன்னால வேகுது."

நாகூம் எல்லாருக்கும் ஒன்றையே சொன்னான். "எதைன்னு சொல்லச் சொல்லுங்க." ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு நடுக்கம்தான். சூரியனை நிறுத்தி வைக்கிற அளவுக்குத் தன் நெஞ்சில் கனம் இருக்கிறது என்று நினைக்கவே பயமாக இருந்தது. போய்ச் சொல்லிவிடலாமா, மூன்றே வார்த்தை, வாயால் சொன்னால் போதாதா, என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அப்போது, தன் இல்லாத மகனின் வயதை விரல்விட்டு எண்ணிக்கொண்டு எங்கோ ஒரு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற எமீமாள் நினைவுக்கு வருவாள். எழுந்து உட்கார்ந்துகொள்வான்.

கடைசியில் பள்ளிவாசலிலிருந்து செய்யது மோதினார் வந்தார், பாங்கு சொல்லிச் சொல்லிக் குரல் கனத்துப் போன மனிதர், நாகூமோடு கோலி விளையாடியவர்.

"ஏம்ப்பா நாகூமு, அசர் தொழுதுட்டு உக்காந்தவன் உக்காந்த மாதிரியே இருக்கேன். பொழுது சாஞ்சாத்தானே மஃரிபு தொழலாம், அது வரமாட்டேங்குது. உங்க நோன்பு முடிஞ்சாத்தான் எங்களுக்குப் பொழுது சாயும்ங்கிறாங்க. அப்படி என்னத்தைத்தான் செஞ்சாரு அந்த மனுஷன்?"

"அவருக்குத் தெரியும்."

"அவரு வாயால சொல்லட்டுமே."

"அதைத்தானே நானும் கேக்குறேன்."

மோதினார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அப்போ ஊரு தப்பான வீட்டுக் கதவையில்ல தட்டிக்கிட்டு இருக்கு" என்று எழுந்தார். நேராக மனாசே முதலாளி வீட்டு முற்றத்துக்குப் போய்த் துண்டை விரித்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மீன்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், பிறகு உப்புக் கொத்துகிற பெண்கள், பிறகு ஜோசியர். யாரும் சத்தம் போடவில்லை. முதலாளி ஜன்னலைத் திறந்தால் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதே சமயத்தில் அவருடைய பாத்திகளில் உப்பு, சாயாத வெயிலில் விளைந்து விளைந்து, கடப்பாரை இறங்காத பாறையாக இறுகிக்கொண்டு வந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் அவரை அசைத்தார்களா, பாத்திகள் அசைத்தனவா என்று ஊரில் பின்னால் வெகுகாலம் வாதம் நடந்தது. எப்படியோ அவர் கதவைத் திறந்து வெளியே வந்து, "எல்லாரும் கழிக்கரைக்கு வாங்க" என்றார்.

கரையில் ஊரே நின்றது. வெள்ளை உடுப்பு கசங்கி, முகத்தில் அந்த மாறாத வெயில் அடிக்க, மனாசே நாகூமுக்கு எதிரே நின்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எமீமாளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு உன்கிட்டச் சொன்னேன். ஆகலை. அவ உன்னை வரச் சொல்லித்தான் ஆள் அனுப்பியிருந்தா. நீ போனா நாங்க ஒன்பது பேர். ஆலயத்தைப் பூட்டியிருக்கணும். அதனால சொன்னேன்."

தண்ணீருக்கு மேலே சூரியன் ஒரு முழம் இறங்கி, நின்றது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. இன்னும் ஏன் நிற்கிறது என்று எல்லாரும் நாகூமைப் பார்த்தார்கள், நாகூம் சூரியனைப் பார்த்தான். அப்போது சால் தொண்டையைச் செருமினான்.

"அந்தச் சமையல்காரன் திரும்பிப் போறப்ப அவன்கிட்ட, நாகூமுக்குக் கல்யாணம் ஆயிட்டுன்னு சொல்லச் சொன்னது நான்தான். வெறுமனே கல்யாணம்னா நம்பமாட்டாளேன்னு ஒரு பிள்ளையையும் சேர்த்துச் சொன்னேன். சாமுவேல்னு பேர் வச்சதும் நான்தான்."

சூரியன் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

நாகூமுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்தார்கள். ஒருவர் அன்றைக்கு ஊருக்கு வந்திருந்த சமையல்காரனைத் தன் வீட்டில் தங்கவைத்து, சோடாக்கடைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டவர். ஒருவர் வேறு ஒன்றும் செய்யாமல் தலையை மட்டும் ஆட்டியவர். பாரேஸ் கிழவர், "தெரியும்டா. தெரிஞ்சுக்கிட்டே தினம் உன் கடையில சோடா குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அப்போது பிறந்தேயிராத ஒரு வாலிபன், "எங்க அப்பா சாகுறப்ப சொன்னாரு. பதினொண்ணாவது ஆள் கிடைக்கிறவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் சூரியன் இறங்கியது. இறங்க இறங்க நாகூமின் கண்ணெதிரே வருஷங்கள் தலைகீழாகப் புரண்டன. எத்தனை சாயங்காலம் இவர்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு அவன் படியேறி வந்திருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ என்று எவ்வளவு கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள், அவனும் மன்னித்தேன் மன்னித்தேன் என்று எப்படி அள்ளிக் கொடுத்திருக்கிறான். ஒருவர் விடாமல் அவன் கையாலேயே அவனிடம் திருடியிருந்தார்கள்.

ஒன்பது பேரும் சொல்லி முடித்தபோது சூரியன் சிவந்து பெருத்துத் தண்ணீரைத் தொட்டது. தொட்டு, அப்படியே உட்கார்ந்துகொண்டது. விளிம்பு நனையவில்லை.

பிறகு மனாசே நிமிர்ந்தார். அவர் குரலில் பழைய கனம் திரும்பியிருந்தது. "பேர் சொல்லிக் கேட்டுட்டோம், ஊர் முன்னாடி கேட்டுட்டோம். இனி பாக்கி நீ ஒருத்தன்தான். சொல்லு நாகூம்."

"சொல்லுப்பா." "சொல்லுங்க அண்ணாச்சி." "சொல்லித் தொலையேன்டா." கூட்டம் அவனை நெருங்கியது. மோதினார்கூட வேறு பக்கம் பார்த்தார். அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே நாகூமுக்குப் பட்டது. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று, சூரியன் இன்னும் நிற்கிறது என்றால் நிறுத்துவது தானாகத்தான் இருக்க வேண்டும். நெஞ்சில் மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தான். இல்லை. இல்லாததை வாயால் கொடுத்துவிடலாம் என்று உதட்டை நனைத்துக்கொண்டான்.

"நில்லுடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிப்போராள் வந்தாள். பத்துக்குள் எண்ணப்படாதவள், மேல்மாடத்துத் தட்டிக்குப் பின்னால் நின்று ஜெபிக்கிறவள். யாரும் அவளைக் கணக்கில் வைத்திருக்கவில்லை, நாகூமும் வைத்திருக்கவில்லை.

"இன்னும் நான் சொல்லலை" என்றாள். "அந்தச் சமையல்காரன் முதல்ல வந்தது நம்ம வீட்டுக்கு. நீ கடையில இருந்தே. எமீமாள் காத்துக்கிட்டு இருக்கா, பம்பாய் வந்தா கப்பலேத்திவிட ஆள் இருக்குன்னான். நான் அவனுக்குச் சோறு போட்டேன். போட்டுட்டு உன்கிட்ட ஓடி வரலை, முதலாளி வீட்டுக்கு ஓடினேன். அவரு, போகட்டும் பாவம், சின்னப் பையன்னுதான் சொன்னாரு. நீ போயிட்டா பத்துக்கு ஆள் இருக்காதுன்னு அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான்டா. அவங்களுக்கு அது தோணக்கூட இல்லை."

நாகூம் அவளையே பார்த்தான். மனாசே கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆலயத்துக்காகன்னு அவங்க சொல்றாங்க" என்றாள் சிப்போராள். "எனக்கு ஆலயமும் இல்லை ஒண்ணும் இல்லை. அந்த வீட்ல தனியா இருக்கப் பயமா இருந்துச்சு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வெயில் அவள் முகத்திலிருந்து வழிந்து இறங்கியது. எல்லாரும் திரும்பினார்கள். சூரியன் கழிக்குள் போய்க்கொண்டிருந்தது, எந்த ஊரிலும் எந்த நாளும் போகிற மாதிரி, அவசரமில்லாமல். பாதியாயிற்று, கீற்றாயிற்று, போய்விட்டது. நாகூம் வாயைத் திறக்கவே இல்லை. ஒருவரையும் அவன் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலேயே பொழுது சாய்ந்துவிட்டது என்பதை அவன்தான் முதலில் கவனித்தான், பிறகு ஒவ்வொருவராகக் கவனித்து அவன் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கினார்கள்.

ஒரு நட்சத்திரம் வந்தது, இரண்டு வந்தது, மூன்றாவது வந்ததும் பாரேஸ் கிழவர் ஆட்டுக்கடாக் கொம்பை எடுத்து ஊதினார். அது அடங்குமுன் மோதினார் ஓடிப்போய் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார், மாதா கோயில் மணி அடித்தது, தேக்கி வைத்த மல்லிகை முழுவதும் ஒரேயடியாக மலர்ந்து ஊரே மணத்தது. குழந்தைகள் இருட்டைக் கண்டு கைதட்டின.

நாகூம் வீட்டுக்கு நடந்தான். போவதற்கு வேறு இடம் இல்லை. சிப்போராள் முன்னாலேயே போய் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். பசி உண்மையாக இருந்தது. அவள் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள், இருட்டில் அவளுடைய வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?" என்றாள்.

"வருஷாவருஷம் சொன்னேனே. விரதத்துக்கு முன்னாடிகூட மூணு தரம் சொன்னேன்."

"அது தெரியாமச் சொன்னது."

"ஆமா. அது சுலபமா இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை, அக்கா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மூணு தரம்தான் கேக்கணும்னு இருக்கு. அதுக்கு மேல கேக்க வேண்டியதில்லைன்னு."

"அது அவங்களுக்கு" என்றான் நாகூம். "நீ கேட்டுக்கிட்டே இரு."

தட்டில் மிச்சமிருந்த பாலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். விளக்கை ஏற்ற அவளும் நகரவில்லை, அவனும் எழவில்லை.